தையல் சத்தம்

ஜனவரி 12

பாப்பாவுக்கு, அண்ணி அன்புடன் எழுதுவது.

சாமான்களோடு சாமானாக நானும் வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்குக் குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அத்தையின் முழங்கால் வலி இந்தக் குளிருக்குக் கூடியிருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அண்ணன் பெட்டிகளை இறக்கி வைத்தார், நின்றபடியே ஒரு டம்ளர் டீ குடித்தார், எல்லைக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டார். "ஏப்ரல்ல வந்துடுவேன். அதுக்குள்ள இதை வீடா ஆக்கி வை" என்றார். ஆக்குவதற்கு என்ன இருக்கிறது? இரண்டு அறை, ஒரு சமையலறை. வரிசை முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அசந்து மறந்து பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு பற்றவைக்கும் வரை தெரியாது.

ஜன்னல்தான் காலை வாரிவிட்டது. போன முகாமில் பார்த்துப் பார்த்துத் தைத்த திரைகளெல்லாம் இந்த நெட்டை ஜன்னலில் அரைக்கால்சட்டை மாதிரித் தொங்குகின்றன. தெருவில் இறங்கிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் இதே கதை. ஒரு வீட்டில் போர்வையை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள், ஒரு வீட்டில் செய்தித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ராணுவ லாரி ஓட்டுகிறவர். அந்த டிரைவர் வீட்டம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நாலு முகாம் பாத்தாச்சுங்க. நாம தைச்சு முடிக்கறதும் மாத்தல் வர்றதும் ஒண்ணா இருக்கும். அதான் விட்டுட்டேன்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நான் வேலை தேடி அலைந்தது உனக்குத் தெரியும். முதல் ஊரில் டியூஷன், பிள்ளைகள் தேறும் நேரத்தில் மாற்றல். அடுத்த ஊரில் மருந்துக்கடையில் கணக்கு, மறுபடி மாற்றல். போன ஊரில் நேர்முகத்துக்குப் போனால், அந்த மனிதர் விலாசத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். "ராணுவக் குடியிருப்பா? ரொம்ப நல்லது. எப்பம்மா கிளம்புவீங்க?" வேலையே கொடுக்கவில்லை, வழியனுப்பத் தயாராகிவிட்டார்!

ஆனால் திரைச்சீலைக்கு மாற்றல்தான் முதலீடு. எந்த முகாமுக்குப் போனாலும் ஜன்னல் பொருந்தாமல் முழிக்கிறவர்கள் இருப்பார்கள். உன் ஜவுளிக்கடையில் விலைபோகாத தடித்த துணி இருந்தால் முதலாளியிடம் கேட்டுப் பார். போனில் கேட்கலாம்தான். குடியிருப்புக்கே ஒரு போன். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், இணைப்புக் கொடுக்கும் சிப்பாய் கூடவே கேட்பார். நமக்குக் கடிதம்தான் தோது.

அத்தைக்கு என் வணக்கம்.
உன் அண்ணி

ஜனவரி 30

அன்பான அண்ணிக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான், ஆனால் புலம்பலுக்குக் குறைவில்லை.

முதலாளி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "தொழில் பண்றேன்னு ஆரம்பிப்பாங்க, ஆறு மாசத்துல துணி என் தலைல விழும்" என்றார். "எங்க அண்ணி ஆரம்பிச்சா விடமாட்டாங்க. எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு இன்னும் விடாம இருக்காங்களே, அதுலயே தெரியலையா?" என்றேன். சிரித்துவிட்டார். கிடங்கில் சாயம் கொஞ்சம் முன்னேபின்னே போன நீலமும் பழுப்பும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். ரயிலில் போட்டுவிட்டேன். மடிப்பு ஓரத்தில் சாயம் வெளுத்திருக்கும், அதை உள்பக்கமாகத் தள்ளித் தையுங்கள்.

அண்ணன் கடிதம் போட்டானா? எங்களுக்குப் போடவே இல்லை. பேனா பிடிக்கச் சோம்பேறி.

உங்கள் பாப்பா

மார்ச் 9

பாப்பாவுக்கு, அண்ணி எழுதுவது. நான் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உன் வாய்முகூர்த்தம் நல்ல முகூர்த்தம். நீலக் கட்டு தீர்ந்தது, பழுப்பு பாதிக்கு வந்துவிட்டது. முதலில் டிரைவர் வீட்டுக்குத் தைத்தேன். அதைப் பார்த்து எதிர் வீடு, எதிர் வீட்டைப் பார்த்து அடுத்த தெரு. ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். கீழ் மடிப்பை ஒரு முழம் அகலமாக விட்டு, பெரிய பெரிய தையலாகப் போட்டுவிடுகிறேன். அடுத்த ஊரில் ஜன்னல் நெட்டையானால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம், குட்டையானால் இன்னொரு மடிப்பு. "இது எங்ககூட மாத்தலாகி வரும்" என்று ஒருத்தி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராணுவக் குடியிருப்பில் அனுமதியில்லாமல் வியாபாரம் செய்யக்கூடாதாம். மேஜர் வீட்டம்மாவிடம் போய் நின்றேன். அவர் வரவேற்பறையிலும் திரை குட்டையாகத்தான் தொங்கியது! முதலில் அதற்கு அளவெடுத்தேன், பிறகு அனுமதி கேட்டேன். கிடைத்துவிட்டது.

மோட்டார் வைத்த பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். கால் மிதிக்க வேண்டாம், தொட்டால் போதும், தடதடவென்று நீளத் தையல் நொடியில் ஓடுகிறது. டிரைவர் வீட்டம்மா வளையம் கோர்க்க வருகிறாள். இரண்டு பேரும் பேசுகிற பேச்சில் மெஷின் தோற்றுப்போகும். இத்தனை வருஷத்தில் ஒரு ஊரில் எனக்கென்று ஒரு தோழி கிடைத்தது இதுதான் முதல் தடவை.

உன் அண்ணன் அடுத்த மாதம் வருகிறார். ஒன்றும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

இங்கே யாருக்கும் தூக்கமில்லை. வானொலியில் எல்லைக் காவல் நிலை ஒன்று தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள், எது என்று சொல்லவில்லை. அம்மா சாப்பிட மறுக்கிறாள். முகாமுக்குப் போன் போட்டேன். "உயிரோட இருக்காரு, வீட்டுக்கு வந்துட்டாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறான்? அடி ஏதும் பட்டதா? ஒரே வரியானாலும் உடனே எழுதுங்கள். பழுப்புத் துணி இன்னும் இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன், அதைப் பிறகு பார்க்கலாம்.

பாப்பா

மே 27

பாப்பாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. நாங்கள் இருவரும் நலம். உன் அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று அத்தையிடம் சொல். கொஞ்சம் இளைத்திருக்கிறார். அவரோடு ஒரே பங்கரில் இருந்த இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. இப்போது கிடங்கில் சுலபமான வேலை கொடுத்திருக்கிறார்கள்.

துணி வந்தது. அடுத்த கட்டை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அவருக்கு வீடு அமைதியாக இருந்தால் பிடிக்கிறது. மெஷினை அவர் வேலைக்குப் போன பிறகுதான் ஓட்டுகிறேன், மற்ற நேரம் கையால் தைக்கிறேன். கைத்தையலும் அழகாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மெஷினைப் பார்த்து என்ன சொன்னார் என்று கேட்பாய். நன்றாக இருக்கிறது என்றார்.

அண்ணி

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கண்டு அம்மா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். இங்கே சுகம்.

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. "கையால் தைக்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? நெட்டை ஜன்னலுக்கு ஒரு திரை தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முதலாளி நடுவில் நடுவில், "என்ன, உங்க அண்ணி கடையைச் சாத்திட்டாங்களா?" என்று கிண்டுகிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பளைக்குப் பிடிக்கலன்னா கொஞ்ச நாள் நிறுத்தினா என்ன குறைஞ்சு போச்சு? அவன் உயிரோட வந்ததே பெரிசு" என்கிறாள். எனக்கும் ஒருவேளை அதுதான் சரியோ என்று படுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணி. அண்ணன் நல்லவன். பழையபடி ஆகிவிடுவான். நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாப்பா

ஜூலை 19

பாப்பாவுக்கு, அண்ணி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. கதவு இடுக்கில் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி நலம். மெஷின் பழுதாகிவிட்டது. டிரைவர் வீட்டில் ஒரு பழைய மெஷின் இருக்கிறது, உன் அண்ணன் கிடங்கில் இருக்கும் நேரத்தில் அங்கே போய்த் தைக்கிறேன்.

ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. ராணுவ மருத்துவமனையில் புது வார்டு கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் மறைப்புத் திரை வேண்டுமாம். மேஜர் வீட்டம்மா என் பேரைச் சொல்லியிருக்கிறார். இதைச் செய்துவிட்டால் நான் தையற்காரி இல்லை, ஒப்பந்தக்காரி!

அளவெடுக்கப் போனேன். பழைய வார்டு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே சிலர் உடம்பில் ஒரு கட்டுக்கூட இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற டாக்டரிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

"சத்தம் கேட்டா ஒருத்தருக்கு ஆகவே மாட்டேங்குதுன்னா என்ன பண்ணணும், டாக்டர்?"

"யாருக்கு?"

"எங்க பக்கத்து வீட்ல ஒருத்தருக்கு."

டாக்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரரை இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பேரைப் பதிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும்."

"பதிஞ்சா வேலைக்கு ஏதாவது ஆகுமா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்மா."

நான் அடுத்த கட்டிலை அளக்கப் போய்விட்டேன். பாவம், பக்கத்து வீட்டுக்காரர்கள். வேலை போனால் மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் அல்லவா?

வெள்ளைத் துணி வேண்டும், கொதிநீரில் போட்டாலும் சுருங்காதது. முதலாளியிடம் கேட்டு எழுது.

அண்ணி

ஜூலை 29

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பது டிரைவர். லாரி ஓட்டுகிறவருக்குச் சத்தம் ஆகாதா? நான் என்ன குழந்தையா? கதவு இடுக்கு என்கிறீர்கள், மெஷின் பழுது என்கிறீர்கள், இரண்டும் ஒரே கடிதத்தில். அண்ணன் உங்களை அடிக்கிறானா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். போன கடிதத்தில் பொறுத்துக்கொள்ளச் சொன்ன என் வாயை அடுப்பில் வைக்க வேண்டும்.

துணி அனுப்பியாயிற்று. முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் கிளம்பி வருகிறேன்.

பாப்பா

ஆகஸ்ட் 3

பாப்பா,

வராதே. அவர் அடிக்கவில்லை. சத்தியம். இந்த மருத்துவமனை வேலை முடியட்டும், நானே எல்லாம் எழுதுகிறேன்.

அண்ணி

அக்டோபர் 2

பாப்பாவுக்கும் அத்தைக்கும்,

இந்தக் கடிதத்தை அத்தைக்கும் படித்துக் காட்டு. போனில் முகாம்காரர்கள் உங்களுக்குச் சொன்னது முழுக் கதை இல்லை.

உன் அண்ணன் என்னை அடிக்கவில்லை என்று எழுதினேன். அது உண்மை. வந்த மறுநாள் மெஷினைக் காட்டினேன். திரையை நகர்த்தி, ஊசியை இறக்கி, பெருமையாகப் பெடலைத் தொட்டேன். அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். அவர் என்மேல் கவிழ்ந்து படுத்து, என் தலையைக் கையால் மூடிக்கொண்டு, "எழுந்திரிக்காத, எழுந்திரிக்காத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வெட்கப்பட்டு, "நல்லா இருக்கு மெஷின்" என்றார். அதைத்தான் உனக்கு எழுதினேன்.

அதன் பிறகு பலமுறை நடந்தது. அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் இழுத்துத் தள்ளினார். மணிக்கட்டு அப்படித்தான் போனது. அன்றைக்கே மெஷினைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். எறிந்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதார். "யார்கிட்டயும் சொல்லாத. என்னைப் பைத்தியக்கார வார்டுல போட்டுடுவாங்க" என்றார். நான் சொல்லவில்லை.

அவருக்காக மறைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். பாதிதான் நிஜம். பேர் பதிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், வீடு போனால் அந்த வரிசை ஜன்னல்கள் எல்லாமே போகும். வாழ்க்கையில் முதன்முறையாக என் பேரைச் சொல்லி என்னைத் தேடி வந்தார்கள், பாப்பா. இன்னாருடைய மனைவி என்று வரவில்லை. அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

மருத்துவமனைத் திரைகள் முடியும் தறுவாயில் இருந்தன. டிரைவர் வீட்டம்மாவுக்கு எல்லாம் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? "இன்னும் கொஞ்சம்தானே, முடிச்சிட்டு அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். நானும் வரேன்" என்றாள். அன்று மத்தியானம் கிடங்கில் சரக்கு வரவில்லை என்று அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம். கதவை உடைத்துக்கொண்டு வந்தார். அப்போது மெஷினில் உட்கார்ந்திருந்தது அவள். நான் தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணுக்கு நான் விழுந்து கிடப்பதாகவும், சுடுகிறவள் அவள் என்றும் தெரிந்திருக்கிறது.

திரை மாட்டும் இரும்புக் கம்பி மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்தார்.

நான் குறுக்கே போவதற்குள் அவளுக்குத் தலையில் இரண்டு அடி விழுந்துவிட்டது. உயிர் இருக்கிறது. ஒரு காது போய்விட்டது, முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேச்சு குழறுகிறது. மெஷினைத் தோற்கடிக்கும் பேச்சு என்று உனக்கு எழுதினேனே, அந்தப் பேச்சு.

மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் வெளியே வந்து சொன்னார்: "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இங்க வராதீங்க." அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர்னு சொன்னப்பவே நான் விட்டிருக்கக் கூடாது" என்றார், அவ்வளவுதான். உன் அண்ணன் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறார். மருந்து கொடுக்கிறார்கள். அன்று நடந்தது அவருக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நோயாளி என்று தீர்மானித்து, வழக்கு இல்லாமல் வேலையிலிருந்து விடுவிக்கிறார்கள். அடுத்த மாதம் உங்களிடம் ஒப்படைப்பார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டேன். முகாம் வாசலுக்கு வெளியே ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். மீதித் திரைகளை வேறு யாரோ தைத்து முடித்தார்கள்.

நானும் அவரோடு வருவேனா என்று அத்தை கேட்பார். தெரியவில்லை, அத்தை.

அண்ணி

நவம்பர் 20

அண்ணிக்கு,

அண்ணனை அழைத்து வந்துவிட்டோம். உடம்பு தேறியிருக்கிறான், சாப்பிடுகிறான். வீட்டில் நாங்கள் பாத்திரத்தைக்கூடப் பஞ்சில் வைப்பது போல வைக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் அம்மா ஓடிப்போய் அண்ணன் பக்கத்தில் நிற்கிறாள்.

அம்மா உங்களை வரச் சொல்லி எழுதச் சொன்னாள். "புருஷன் இப்படிக் கிடக்கும்போது பொண்டாட்டிக்கு அங்க என்ன வேலை?" என்கிறாள். எழுதிவிட்டேன், அவள் சொன்னது அது. நான் சொல்வது வேறு. வராதீர்கள், அண்ணி. அவன் என் அண்ணன். நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் இங்கே வந்தால் மறுபடி கையால் தைக்க ஆரம்பிப்பீர்கள், பிறகு அதுவும் நிற்கும். முதலாளியிடம் பேசிவிட்டேன், உங்களுக்குத் துணி எப்போதும் போல வரும்.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அவ எங்க?" என்கிறான். "வேலையா போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று சொல்லி வைத்தேன். "சரி, வரட்டும்" என்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பாப்பா

டிசம்பர் 4

பாப்பாவுக்கு, அண்ணி எழுதுவது.

நான் நலம். அறையில் குளிர் அதிகம், ஆனால் சலவைக்கடை அடுப்பின் சூடு சுவர் வழியாகக் கொஞ்சம் வருகிறது. ஊருக்குள் இரண்டு வீட்டில் அளவெடுத்திருக்கிறேன். முகாமிலிருந்து யாரும் வருவதில்லை, வரவும் மாட்டார்கள். டிரைவர் வீட்டம்மாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த ஊர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ எழுதியதைப் படித்துப் படித்துத் தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. வராதே என்று நாத்தனார் சொல்வது எந்த வீட்டில் நடக்கும்? உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேனோ தெரியவில்லை. நீ சொன்னதையே செய்யப்போகிறேன். அவரோடு நான் இனி வாழ வரமாட்டேன். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

ஆனால் வந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லாதே. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில்தான் ஒருத்தியின் வாழ்க்கை போனது. அவர் தினமும் வாசலில் உட்கார்ந்து என்னை எதிர்பார்ப்பதும் அதே மாதிரிப் பொய்தான். அதை நீ சுமக்க வேண்டாம். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயால் சொல்கிறேன். அத்தை ஏசினால் ஏசட்டும். அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.

அவர் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று எழுது. சாப்பிட்ட பிறகு வருகிறேன்.

அண்ணி